போருக்கு நடுவே ஆற்றைக் கடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவப் பொறியாளர்கள் ஆற்றின் மேல் பாலம் போடுவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் பாலத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எவ்வளவு நீளம், எத்தனை டன் தாங்கும், எத்தனை மணி நேரத்தில் போட்டார்கள், இப்படி. எனக்கென்னவோ பாலம் இந்தக் கதையில் பாதிதான் என்று தோன்றும். மீதிப் பாதி இரண்டு கரைகளிலும், அந்தக் கரைக்கு வந்து சேரும் சாலையில் நிற்கும் வண்டி வரிசையிலும் இருக்கிறது. சரி, கேள்விகளுக்குப் போவோம்.

ஏற்கெனவே இருக்கும் பாலத்தில் போனால் என்ன? எதற்குப் புதிதாகப் போட வேண்டும்?

போக முடிந்தால் போவார்கள். ஆனால் பின்வாங்கும் படை கடைசியாகச் செய்துவிட்டுப் போகும் வேலையே பாலத்தைத் தகர்ப்பதுதான். முழுசாக ஒரு பாலம் கையில் கிடைப்பது அபூர்வம். அப்படிக் கிடைத்த கதைதான் ரைன் நதியில் ரெமாகன். 1945 மார்ச் 7 அன்று அமெரிக்கப் படை அங்கே போய்ச் சேர்ந்தபோது லூடன்டார்ஃப் ரயில் பாலம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஜெர்மானியர்கள் வைத்த வெடி சரியாக வேலை செய்யவில்லை. பாலம் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. அமெரிக்கர்கள் ஓடிப்போய்ப் பிடித்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பொறியாளர்களின் கதை இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. அடிபட்ட அந்தப் பாலத்தை நம்ப முடியாது என்று தெரிந்து, பக்கத்திலேயே மிதவைப் பாலங்களைப் போட ஆரம்பித்தார்கள். 1,000 அடிக்கு மேல் நீளமான ஒரு பாலத்தைக் குண்டு மழைக்கு நடுவே சுமார் 32 மணி நேரத்தில் முடித்தார்கள். மார்ச் 17 அன்று பழைய பாலம் தானாகவே சரிந்து ஆற்றில் விழுந்தது. அதைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் படை வீரர்கள் 28 பேர் இறந்தார்கள். அதற்குள் மிதவைப் பாலங்கள் தயாராக இருந்ததால் படை நிற்கவில்லை.

இந்த வேலையைச் செய்பவர்கள் யார்? மேசையில் உட்கார்ந்து வரைபடம் போடும் பொறியாளர்களா?

இல்லை. பெரும்பாலானவர்கள் சிப்பாய்கள். தச்சு வேலை, கொல்லு வேலை, படகு ஓட்டுவது, வெடி வைப்பது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் தெரிந்தவர்கள், தேவைப்பட்டால் துப்பாக்கியும் பிடிப்பவர்கள். சாப்பர் என்ற பெயரே கோட்டைச் சுவர் நோக்கிப் பள்ளம் தோண்டிக்கொண்டு போனவர்களுக்கு வைத்த பெயர்தான். இந்திய ராணுவத்தில் இன்றும் மெட்ராஸ், பெங்கால், பாம்பே என்று மூன்று சாப்பர் குழுக்கள் உண்டு. மெட்ராஸ் சாப்பர்கள் தங்கள் தொடக்கத்தை 1780 என்று கணக்கு வைக்கிறார்கள்.

எந்த இடத்தில் கடப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? குறுகலான இடமாகப் பார்த்தால் போதாதா?

குறுகலான இடம் நல்லதுதான், ஆனால் ஆறு குறுகும் இடத்தில் தண்ணீர் வேகமாக ஓடும், ஆழமும் கூடும். எதிரிக்கும் அந்த இடம் தெரியும், அங்கேதான் காத்திருப்பான். ஆகவே கணக்கு அவ்வளவு எளிதில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இங்கே பழமொழி இல்லை, வேலைமுறை. முதலில் ஒரு சிறு குழு ராத்திரியில் போய்ப் பார்க்கும். அகலம், ஆழம், நீரோட்டத்தின் வேகம், அடியில் மணலா சேறா பாறையா என்று குறித்துக்கொண்டு வரும். இவற்றையெல்லாம் விட முக்கியம் கரை. இக்கரையில் வண்டி இறங்கச் சரிவு இருக்கிறதா, அக்கரையில் ஏற முடியுமா, கரை மேலே ஏறிய பிறகு சாலை எங்கே? அக்கரை செங்குத்தாக இரண்டு ஆள் உயரம் நின்றாலோ, ஏறியதும் அரை மைல் சதுப்பாக இருந்தாலோ, ஆறு எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அந்த இடம் உதவாது. முதல் பத்து வண்டி ஏறும், பதினோராவது வண்டி அந்த பத்து வண்டி கிண்டிய சேற்றில் புதையும். அப்புறம் மொத்த வரிசையும் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்கும். அதனால்தான் பாலம் போடும் படை மிதவையோடு கூடவே புல்டோசரையும், தரையில் விரிக்க உலோகப் பாய்களையும், சரளைக் கல்லையும் சுமந்துகொண்டு வருகிறது.

இன்னொன்று, ஆறு வளையும் இடம். வளைவின் முனை நம் பக்கம் பார்த்து இருந்தால் நல்லது. அக்கரையில் நாம் பிடிக்கும் நிலத்தை மூன்று பக்கமிருந்தும் நம் பீரங்கியால் காப்பாற்றலாம்.

இடம் தேர்வதில் பழைய பாடம் என்றால் அலெக்சாண்டரும் போரஸும்தான். பொது ஆண்டுக்கு முன் 326, ஜீலம் நதி. எதிர்க்கரையில் போரஸ் யானைகளோடு நிற்கிறார். அலெக்சாண்டர் தினம் ராத்திரி கரையோரமாகக் குதிரைப்படையை மேலும் கீழும் ஓட்டி, கடக்கப் போவது போலக் கூச்சல் போட வைத்தார். போரஸ் முதலில் ஒவ்வொரு சத்தத்துக்கும் படையை நகர்த்தினார், நாளாக நாளாகச் சலித்துப்போய் விட்டுவிட்டார். அதன் பிறகு ஒரு மழை இரவில், முகாமிலிருந்து பல மைல் மேலே, நடுவில் காட்டுத் தீவு ஒன்று மறைத்த வளைவில் அலெக்சாண்டர் கடந்தார். படகுகள் எங்கிருந்து வந்தன என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். சிந்து நதியில் ஏற்கெனவே பயன்படுத்திய படகுகளைத் துண்டு துண்டாக வெட்டி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஜீலம் கரையில் மறுபடி பொருத்தினார்கள். இன்றைய மடித்து ஏற்றும் பாலத்துக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா.

முதலில் பாலம் போட்டு, அப்புறம் படை போகுமா?

தலைகீழ். அக்கரையில் எதிரி துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும்போது பாலம் போட முடியாது. முதலில் காலாட்படை சின்னப் படகுகளில் போய் அக்கரையில் ஒரு துண்டு நிலத்தைப் பிடிக்கும். அந்தப் படகை ஓட்டுபவர்கள் பெரும்பாலும் பொறியாளர் படைக்காரர்கள். காலாள் ஒரு தரம் கடந்தால் போதும், இவர்கள் திரும்பி வந்து அடுத்த சுற்றை ஏற்றிக்கொண்டு மறுபடி அதே குண்டு மழைக்குள் போக வேண்டும். அடுத்து, சில மிதவைகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் டாங்கியும் பீரங்கியும் ஒவ்வொன்றாகப் போகும். எதிரியின் பீரங்கிகளை ஆற்றைத் தொட முடியாத தூரத்துக்குத் தள்ளிய பிறகுதான் முழுப் பாலம். இந்த வரிசையை அவசரப்பட்டு மாற்றியவர்கள் நிறைய அடி வாங்கியிருக்கிறார்கள்.

1944 செப்டம்பர் 20, நெதர்லாந்தில் நைமேகன், வால் நதி. அமெரிக்க வான்குடைப் படை பட்டப்பகலில் 26 கித்தான் படகுகளில் கடந்தது. படகுகள் வந்து சேர்ந்ததே தாமதம், ஏனென்றால் அவற்றை ஏற்றி வந்த லாரிகள் ஒற்றைச் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டன. துடுப்பு போதாமல் துப்பாக்கிக் கட்டையால் துழாவினார்கள். முதல் சுற்றிலிருந்து ஏறக்குறைய பாதிப் படகுகள்தான் திரும்பி வந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு பொறியாளர்கள் மறுபடி போனார்கள், அதற்கு அப்புறமும் போனார்கள்.

அறுபது டன் டாங்கி ஏறினால் மிதவைப் பாலம் முங்கிவிடாதா?

இறங்கும், முங்காது. கணக்கு ரொம்ப எளிது. 60 டன் டாங்கி ஏறினால் பாலம் கூடுதலாக 60 கன மீட்டர் தண்ணீரை ஒதுக்க வேண்டும். பாலம் 8 மீட்டர் அகலம், பாரம் ஒரு 25 மீட்டர் நீளத்துக்குப் பரவுகிறது என்று வைத்துக்கொண்டால், பரப்பு 200 சதுர மீட்டர். அறுபதை இருநூறால் வகுத்தால் 30 சென்டிமீட்டர். அவ்வளவுதான் சராசரியாக இறங்கும். டாங்கியின் நேர் கீழே கொஞ்சம் கூடுதலாக, தள்ளிப் போகப் போகக் குறைவாக.

இதில் சூட்சுமம் "பாரம் பரவுகிறது" என்ற இடத்தில் இருக்கிறது. இரண்டு டாங்கிகள் ஒட்டிக்கொண்டு ஏறினால் பரவ இடமில்லை. அதனால்தான் இடைவெளி விட்டு, மெதுவாக, பிரேக் போடாமல், கியர் மாற்றாமல் போகச் சொல்கிறார்கள். திடீரென்று பிரேக் அடித்தால் அந்த உந்துதல் முழுக்கப் பாலத்தின் இணைப்புகளிலும் நங்கூரத்திலும் போய் விழும்.

ராணுவ வண்டிகளின் முன்னால் மஞ்சள் வட்டத்தில் ஒரு எண் பார்த்திருப்பீர்கள். அது வண்டியின் சுமை வகுப்பு. பாலத்தின் முன்னாலும் அதே போல ஓர் எண் இருக்கும். வண்டி எண் பாலத்தின் எண்ணை விடப் பெரிதாக இருந்தால் ஏறக் கூடாது. அந்த எண் வெறும் எடை இல்லை, அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம், சக்கரமா சங்கிலியா என்பதெல்லாம் சேர்ந்து வருவது. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஓட்டுநருக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, இரண்டு எண்ணை ஒப்பிடத் தெரிந்தால் போதும்.

ஆறு பாலத்தை அடித்துக்கொண்டு போகாதா?

போகும், பல முறை போயிருக்கிறது. நீரோட்ட வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. தனித்தனிப் படகுகளை வரிசையாக நிறுத்தி மேலே பலகை போட்ட பழைய பாலங்களில் நடுவே தண்ணீர் ஓட வழி இருந்தது. இப்போதைய ரிப்பன் பாலம் ஒரே தொடர் மிதவை என்பதால் வேகத்துக்கு இன்னும் பயப்பட வேண்டும். நங்கூரம் போடுவார்கள், ஆற்றுக்குக் குறுக்கே மேலே வடம் கட்டி அதிலிருந்து பிடித்து வைப்பார்கள், அதற்கு நேரமில்லாவிட்டால் விசைப்படகுகளைப் பாலத்தோடு கோத்து, நீரோட்டத்துக்கு எதிராக மணிக்கணக்கில் தள்ளிக்கொண்டே நிற்க வைப்பார்கள்.

ஆற்றை விட மோசம், மேலிருந்து எதிரி மிதக்கவிடும் பொருள்கள். 1585-இல் ஸ்பானியப் படை ஆன்ட்வெர்ப் நகரை முற்றுகையிட்டு ஷெல்ட் நதியைப் பாலத்தால் அடைத்திருந்தது. நகரத்துக்காக வேலை செய்த ஜியாம்பெல்லி என்ற இத்தாலியப் பொறியாளர் கப்பலில் கல் அறை கட்டி வெடிமருந்தை நிரப்பி, கடிகாரப் பொறியோடு மிதக்கவிட்டார். பாலத்தில் மோதி வெடித்ததில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் இறந்தார்கள்.

நெப்போலியன் 1809 மே மாதம் வியன்னா பக்கத்தில் டான்யூபைக் கடந்தபோதும் இதே கதைதான். அவசர அவசரமாகப் போட்ட படகுப் பாலம், பனி உருகிப் பெருகிய ஆறு, மேலிருந்து ஆஸ்திரியர்கள் அனுப்பிய மரங்கள், எரியும் படகுகள், போதாததற்கு ஆற்றில் மிதந்த மாவு ஆலைகள். பாலம் திரும்பத் திரும்ப அறுந்தது. பாதிப் படை அக்கரையில், பாதி இக்கரையில், குண்டும் மருந்தும் போய்ச் சேரவில்லை. ஆஸ்பெர்ன் எஸ்லிங் சண்டையில் நெப்போலியன் பின்வாங்க வேண்டியதாயிற்று. அந்த ஆள் பாடம் கற்காமல் விடவில்லை. ஆறு வாரம் எடுத்துக்கொண்டு, ஆற்று நடுவே இருந்த லோபாவ் தீவுக்கு ஆற்றின் அடியில் மரத்தூண் அறைந்து நிலையான பாலம் கட்டி, மேலே மிதந்து வருவதைத் தடுக்கத் தனியாகத் தூண் வரிசையும் அறைந்து, ஜூலையில் மறுபடி கடந்தார். வாக்ரம் வெற்றி அதற்குப் பிறகுதான்.

ரெமாகனிலும் மேலே தடுப்பு வலையும், ராத்திரியில் தேடுவிளக்கும் வைத்திருந்தார்கள். நீந்தி வந்த ஜெர்மன் முக்குளிப்பவர்கள் பிடிபட்டார்கள்.

பெய்லி பாலம் என்கிறார்களே, அது என்ன?

மிதவை இல்லாமலே நிற்கக்கூடிய இரும்புப் பாலம், வேண்டுமானால் மிதவை மேலும் வைக்கலாம். டொனால்ட் பெய்லி என்ற பிரிட்டிஷ் போர் அலுவலகப் பொறியாளர் இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் வடிவமைத்தது. அடிப்படை ஒரே ஒரு சட்டகம், 10 அடி நீளம், சுமார் 5 அடி உயரம், ஏறக்குறைய 260 கிலோ. ஆறு பேர் தூக்கலாம். கிரேன் வேண்டாம், வெல்டிங் வேண்டாம், சட்டகத்தோடு சட்டகத்தை இரும்பு முளையால் கோத்துக்கொண்டே போகலாம். பாரம் கூடுதலா? அதே சட்டகத்தைப் பக்கத்தில் இரண்டாக, மூன்றாக வை, மேலே ஓர் அடுக்கு ஏற்று. ஒரே துண்டை வைத்து ஜீப்புக்கும் பாலம், டாங்கிக்கும் பாலம்.

அக்கரையில் ஆளே இல்லாமல் எப்படி அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. இக்கரையில் உருளைகள் மேல் பாலத்தைக் கட்டிக்கொண்டே ஆற்றின் மேல் தள்ளுவார்கள். முன்னால் மூக்கு மாதிரி இலேசான ஒரு நீட்சி, பின்னால் கனமான பாலம். பின்பக்கம் எப்போதும் கனமாக இருப்பதால் மூக்கு ஆற்றில் கவிழாமல் அந்தரத்தில் நீண்டு போய் அக்கரையைத் தொடும். தொட்டதும் மூக்கைக் கழற்றிவிடுவார்கள்.

பர்மாவில் 1944 டிசம்பரில் சின்ட்வின் நதியின் மேல் கலேவாவில் போட்ட மிதக்கும் பெய்லி பாலம் 1,154 அடி நீளம், அந்தச் சமயத்தில் உலகிலேயே நீளமானது. அங்கிருந்துதான் படை ஐராவதியை நோக்கிப் போனது.

எவ்வளவு நேரம் ஆகும்?

ஜூலியஸ் சீசர் பொது ஆண்டுக்கு முன் 55-இல் ரைன் நதியில் மரத்தூண் அறைந்து கட்டிய பாலத்துக்கு, மரம் சேர்க்க ஆரம்பித்த நாளிலிருந்து 10 நாள். அக்கரையில் 18 நாள் இருந்துவிட்டுத் திரும்பிவந்து பாலத்தைப் பிரித்துவிட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 ஜூனில் ஜேம்ஸ் நதியில் 101 மிதவைகளோடு 2,000 அடிக்கு மேல் நீண்ட பாலத்தைச் சில மணி நேரத்தில் போட்டார்கள், ஆனால் எதிரி சுடவில்லை. 1960-களில் சோவியத் ராணுவத்துக்கு வந்த பி.எம்.பி. பாலம் எல்லாவற்றையும் மாற்றியது. மடித்த மிதவையோடு லாரி பின்னாலேயே ஆற்றங்கரைக்கு வந்து சடாரென்று பிரேக் போடும், மிதவை சறுக்கித் தண்ணீரில் விழுந்து தானாக விரியும், கோத்தால் பாலம். பிறகு மற்ற நாடுகளும் இதையே பார்த்துச் செய்துகொண்டன.

ஆனால் இந்த நேரக் கணக்குகளை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. பாலத்தைக் கோக்க ஒரு மணி நேரம் என்றால், அந்தப் பாலம் ஆற்றங்கரைக்கு வந்து சேர இரண்டு நாள் ஆகலாம்.

பாலம் வந்து சேராவிட்டால்?

1862 நவம்பர், அமெரிக்காவின் ஃபிரெடெரிக்ஸ்பர்க். வடக்குப் படைத் தளபதி பர்ன்சைடின் முன்னணி நவம்பர் 17 அன்று ராப்பஹானக் நதிக்கரைக்கு வந்துவிட்டது. எதிரே பெரிய படை எதுவும் இல்லை. மிதவைகள் மட்டும் வரவில்லை. உத்தரவு தாமதம், வாஷிங்டனில் குழப்பம், மழைச் சாலையில் வண்டிகள். அவை வருவதற்குள் லீயின் தெற்குப் படை வந்து அக்கரை மேடுகளில் உட்கார்ந்துவிட்டது.

டிசம்பர் 11 விடியற்காலைப் பனிமூட்டத்தில் நியூயார்க் பொறியாளர்கள் பாலம் போட ஆரம்பித்தார்கள். பனி விலகியதும் ஊர் வீடுகளுக்குள்ளிருந்து மிசிசிப்பிச் சிப்பாய்கள் குறிபார்த்துச் சுட்டார்கள். கையில் பலகையோடு பாதிப் பாலத்தின் நுனியில் நிற்பவன் எங்கே ஒளிவான்? திரும்பத் திரும்பப் போய்த் திரும்பத் திரும்ப விழுந்தார்கள். கடைசியில், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தார்கள்: மிதவைப் படகுகளிலேயே காலாட்படையை ஏற்றி அக்கரைக்கு அனுப்பி, சுட்டவர்களை விரட்டி, அப்புறம் பாலத்தை முடித்தார்கள். இரண்டு நாள் கழித்து நடந்த சண்டையில் வடக்குப் படைக்கு 12,000-க்கும் மேல் சேதம். அதில் எத்தனை பேர் தாமதமாக வந்த மிதவைகளின் கணக்கில் சேர்வார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

சூயஸ் கால்வாயில் தண்ணீரைப் பீய்ச்சி மணல் மலையைக் கரைத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. கரைதான் பாதி வேலை என்று நான் சொல்வதற்கு இதை விட நல்ல சாட்சி கிடையாது. இஸ்ரேல் கால்வாயின் கிழக்குக் கரையில் பெரிய மணல் அணை எழுப்பி வைத்திருந்தது, சில இடங்களில் ஆறேழு மாடி உயரம். பாலம் போட்டாலும் டாங்கி அதில் மோதி நிற்கும். மேற்குக் கரையிலிருந்து கடக்க வேண்டிய எகிப்தியர்கள் வெடி வைத்துப் பார்த்தார்கள், புல்டோசர் வைத்துப் பார்த்தார்கள், ரொம்ப நேரம் பிடித்தது. பாக்கி ஸக்கி யூசெஃப் என்ற எகிப்திய ராணுவப் பொறியாளர் அஸ்வான் உயர் அணை வேலையில் இருந்தவர். அங்கே மணலைத் தண்ணீரால் அடித்துக் கரைத்து நகர்த்துவதைப் பார்த்திருந்தார். கால்வாய்த் தண்ணீரையே பம்பு வைத்து அடித்தால் என்ன என்றார். பிரிட்டிஷ் பம்புகளும், அவற்றை விட வலுவான ஜெர்மன் பம்புகளும் வாங்கினார்கள்.

1973 அக்டோபர் 6 பிற்பகல் படகுகளில் காலாட்படை போனது, பின்னாலேயே பம்புகள். ஒவ்வொரு வழிக்கும் சுமார் 1,500 கன மீட்டர் மணல் கரைந்து கால்வாயில் விழுந்தது. ராத்திரிக்குள் பாலங்கள். ஆனால் தெற்குப் பக்கம் மண்ணில் களிமண் கலந்திருந்தது, தண்ணீர் பட்டதும் வழுக்கும் சேறாகிவிட்டது. மூன்றாம் படையின் பாலங்கள் அதனால் மணிக்கணக்கில் பிந்தின. வடக்கே வேலை செய்த அதே யோசனை தெற்கே காலை வாரியது.

இஸ்ரேல் விமானங்கள் பாலங்களை அடித்துக்கொண்டே இருந்தன. எகிப்தியர்கள் அடிபட்ட துண்டைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு துண்டைச் செருகினார்கள், ராத்திரியில் பாலத்தையே இடம் மாற்றினார்கள். அந்தப் பொறியாளர்களின் தளபதிகளில் ஒருவரான அகமது ஹம்தி பாலத்து வேலையின்போதே கொல்லப்பட்டார். இன்று கால்வாய்க்கு அடியில் போகும் சுரங்கச் சாலைக்கு அவர் பெயர்தான்.

பத்து நாள் கழித்து இஸ்ரேல் எதிர்த்திசையில் கடந்தது. அவர்களிடம் சுமார் 200 மீட்டர் நீளத்துக்கு ஒரே துண்டாகச் செய்த உருளைப் பாலம் இருந்தது, டாங்கிகள் சேர்ந்து பாலைவனத்தில் இழுத்துவந்தன. வழியில் உடைந்தது. சாலையில் வேறு பயங்கர நெரிசல். அது வருவதற்குள் தெப்பங்களில் டாங்கிகள் போய்விட்டன, வேறொரு மிதவைப் பாலமும் போட்டாகிவிட்டது.

எதிரி பார்த்துவிட மாட்டானா? எப்படி மறைப்பது?

ராத்திரி, பனி, புகைத்திரை, வேறு இடத்தில் பொய்ச் சத்தம். சோவியத் படை தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே மரப்பாலம் கட்டியது, மேலிருந்து பார்த்தால் ஆறு மட்டும்தான் தெரியும்.

ட்ரோன் வந்த பிறகு இதெல்லாம் ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. 2022 மே மாதம் உக்ரைனில் பிலோஹோரிவ்கா பக்கம் சிவெர்ஸ்கி டோனெட்ஸ் நதியைக் கடக்க ரஷ்யப் படை மிதவைப் பாலம் போட்டது. புகையும் போட்டார்கள். ஆனால் பாலம் போடத் தோதான இடம் எது என்று உக்ரைன் பொறியாளர்களும் அதே கணக்கைப் போட்டு வைத்திருந்தார்கள். பாலத்தைப் பீரங்கி அடித்தது, மறுபடி போட்டார்கள், மறுபடி அடித்தது. வானிலிருந்து எடுத்த படங்களில் இரு கரையிலும் 70-க்கும் மேற்பட்ட வண்டிகள் சிதைந்து கிடந்தன. அந்தப் படத்தில் பாலத்தைப் பார்க்காதீர்கள், வண்டிகளைப் பாருங்கள். எத்தனை நெருக்கமாக நிற்கின்றன! கரையில் வரிசையாக நிற்க வைத்ததுதான் பெரிய தப்பு. ஒழுங்கான கடப்பில் வண்டிகள் பல மைல் பின்னால் மறைவாகக் காத்திருக்கும். பெயர் கூப்பிட்டால் மட்டும் வரும்.

டாங்கி தானே நீந்தினால் பாலம் எதற்கு?

சில இலேசான வண்டிகள் நீந்தும். கனமான டாங்கி மூச்சுக்குழாய் வைத்துக்கொண்டு சுமார் 5 மீட்டர் ஆழம் வரை ஆற்றின் அடியில் ஓடும், அடி கெட்டியாக இருந்தால். சேற்றில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கதி? அப்படியே போனாலும் எரிபொருள் லாரியும் ஆம்புலன்சும் நீந்தாதே. டாங்கி ஒரு நாள் ஓடி எண்ணெய் இல்லாமல் நிற்கும்.

பாலமே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, அங்கே மேக்னா நதிப் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டது. இந்தியாவின் 4-வது கோர் தளபதி சகத் சிங் எம்.ஐ.-4 ஹெலிகாப்டர்களில் படையை அக்கரைக்குத் தூக்கிப்போட்டார், கிடைத்த நாட்டுப் படகுகளிலும் ஆட்கள் போனார்கள்.

பாலத்தில் நடை மாற்றி நடக்கச் சொல்வது ஏன்?

எல்லோரும் ஒரே தாளத்தில் கால் வைத்தால் பாலம் அதே தாளத்தில் ஆட ஆரம்பிக்கும். 1850-இல் பிரான்சில் ஆன்ஜே நகரத் தொங்குபாலம் புயல் காற்றில் ஒரு ராணுவப் படைப்பிரிவு கடக்கும்போது அறுந்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். துருப்பிடித்த வடமும் காற்றும் காரணம்தான், ஆனால் நடுவில் ஆட்டத்தைச் சமாளிக்க எல்லோரும் ஒரே பக்கமாக அசைந்ததும் சேர்ந்துகொண்டது. மிதவைப் பாலத்தில் இன்னும் சுலபமாக ஆட்டம் வரும்.

பின்வாங்கும்போது பாலத்தை எப்போது தகர்ப்பது? யார் முடிவு செய்வது?

இந்த வேலையிலேயே மோசமான கேள்வி இதுதான். சீக்கிரம் தகர்த்தால் நம் ஆட்கள் அந்தப் பக்கம். தாமதித்தால் எதிரி இந்தப் பக்கம்.

1942 பிப்ரவரி 23 விடியற்காலை ஐந்தரை மணி, பர்மாவில் சிட்டாங் பாலம். ஜப்பானியர்கள் நெருங்கிவிட்டார்கள், பாலத்தைக் காப்பாற்ற முடியாது என்று செய்தி. 17-வது இந்திய டிவிஷன் தளபதி ஜான் ஸ்மைத் வெடிக்கச் சொன்னார். இரண்டு பிரிகேட் அளவுக்கு ஆட்கள் இன்னும் கிழக்குக் கரையில் இருந்தார்கள். மூங்கிலைக் கட்டியும், வெறுங்கையோடும் நீந்தினார்கள். பலர் வந்து சேரவில்லை.

இன்னொன்று 1812 நவம்பர், பெரெசினா நதி. ரஷ்யாவிலிருந்து திரும்பும் நெப்போலியன், குதிரைகள் வேறு வேலைக்கு வேண்டும் என்று சில நாள் முன்னால்தான் மிதவை வண்டிகளைக் கொளுத்தச் சொல்லியிருந்தார். பாலப் படைத் தளபதி ஜெனரல் எப்லே கொல்லுலை, கரி, கருவிகள், ஆணிகள் இருந்த சில வண்டிகளை மட்டும் கெஞ்சிக் காப்பாற்றி வைத்திருந்தார். உறைந்திருக்கும் என்று நினைத்த ஆறு உருகி, பனிக்கட்டிகள் மிதக்க ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டுடியென்கா கிராமத்து வீடுகளை இடித்து மரம் எடுத்து, சுமார் 400 பேர் மார்பளவுத் தண்ணீரில் நின்று மரக்கால்கள் நட்டு, நவம்பர் 26 அன்று இரண்டு பாலங்கள் கட்டினார்கள். வண்டிகளுக்கான பாலம் மூன்று முறை உடைந்தது, மூன்று முறையும் இருட்டிலோ விடியற்காலையிலோ மறுபடி தண்ணீரில் இறங்கினார்கள். அவர்களில் மிகச் சிலரே உயிரோடு ஊர் திரும்பினார்கள்.

28-ஆம் தேதி பகலில் பாலத்து வாயில் மிதிபட்டும் தள்ளப்பட்டும் ஏராளமானவர்கள் செத்தார்கள். அன்று ராத்திரியோ பாலம் காலியாகக் கிடந்தது. படையிலிருந்து பிரிந்த ஆயிரக்கணக்கானவர்கள், கூட வந்த பெண்கள் குழந்தைகள் உட்பட, குளிரில் மூட்டிய நெருப்பை விட்டு எழ மனமில்லாமல் கிழக்குக் கரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள், காலையில் போகலாம் என்று. எப்லே நெருப்பு நெருப்பாகப் போய் எழுந்து கடக்கச் சொல்லிப் பார்த்தார். 29-ஆம் தேதி காலை ஏழு மணிக்குக் கொளுத்த வேண்டும் என்று உத்தரவு. எட்டரை வரை தள்ளிப்போட்டார், அப்புறம் தீ வைத்தார். புகையைப் பார்த்த பிறகுதான் அவர்கள் ஓடிவந்தார்கள். எப்லே அந்த வருடக் கடைசி நாளில், கோனிக்ஸ்பெர்கில் இறந்தார்.